பின்வீட்டு விளக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். இந்த வீட்டில் குளியலறையில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும். அதிலும் உன் மாமாவுக்கு இப்போதெல்லாம் காது ரொம்பக் கூர்மையாகிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். நீயும் அவரும் சேர்ந்து என்னிடம் எதையாவது மறைக்கிறீர்களா? உன் பழைய கேமராவை அவர் கையில் கொடுத்தவன் நீ. நட்சத்திரங்களைப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவனும் நீதான். போன மாதம் கேமராவில் வெறும் கறுப்புப் படங்களாகப் பார்த்துவிட்டு, இந்த மனுஷன் வானத்தைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போய்வருகிறார் என்று உனக்கு எழுதினேன். லென்ஸ் மூடியைக் கழற்றாமலும் சில படங்கள் எடுக்க வேண்டும், கேமரா தானாக உண்டாக்குகிற பொய்ப்புள்ளிகள் அதில் தெரியும், அவற்றை நட்சத்திரப் படத்திலிருந்து கழித்துவிடலாம் என்று பதில் போட்டாய். மாமனும் மச்சானும் சேர்ந்து எனக்குக் காது குத்துகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன். அவரும் உண்மைதான் என்றார். சரி, அந்த விஷயத்தில் நீ ஜெயித்தாய்.

உன் அக்கா ஒரு சந்தேகப் பிராணி என்று நீ சிரிப்பது தெரிகிறது. என்ன செய்ய? தையல் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நின்று, புதுச் சட்டையைக் கையில் கொடுத்தாலும் பிசிறு எங்கே என்றுதான் கண் தேடுகிறது. அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வர முடியுமா?

தோட்டத்தைப் பற்றி உன் மனைவி கேட்டிருந்தாளே. மழை நின்றதிலிருந்து நமக்கு அங்கே இடமே இல்லை. குழாயடியைத் தேரைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. முருங்கை மரத்தில் ஆந்தை ஒன்று வந்து உட்கார்ந்து நம்மையே முறைக்கிறது. சுவர் ஓரச் சந்து வழியாக ஒரு முள்ளெலி வேறு வருகிறது. என் மகள் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருக்கிறாள். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பூந்தொட்டியாக மோந்து பார்க்கும், எதுவுமே சரியில்லை என்பதுபோல் போய்விடும். எங்கள் சூப்பர்வைசரை அறிந்தவர்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த முள்ளெலியைச் சாக்கு வைத்துத்தான் உன் மாமா அடுத்த வேலையை ஆரம்பித்தார். ஒரு விடுமுறை நாளில் செங்கற்களுக்கு வெள்ளையடித்து, பின்கதவிலிருந்து கேமரா ஸ்டாண்டு வைக்கும் மூலை வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் அடுக்கினார். எதற்கு என்று கேட்டேன். சூப்பர்வைசர் நடக்கிற வழி, யாரும் மிதித்துவிடக் கூடாது என்றார். மறுவாரம் அதே பாதையோரம் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டினார். அது எதற்கு என்றால் அவரைக்கொடி படர்வதற்காம். இன்றுவரை அந்தத் தோட்டத்தில் ஒரு அவரை விதை விழவில்லை. மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில், அவர் ஓட்டுகிற எங்கள் கம்பெனி பஸ்ஸின் சாயங்கால டிரிப்பை இன்னொரு டிரைவரிடம் தள்ளிவிட்டு, காலை டிரிப் மட்டும் ஓட்ட ஆரம்பித்தார். பஸ்ஸில் வரும் பெண்கள், ‘உங்க வீட்டுக்காரர் சாயங்காலமானா வீட்டுக்குப் பறக்கிறாரே, என்ன விசேஷம்’ என்று என்னையே கிண்டல் செய்தார்கள். சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்குப் பறந்து வருகிற மனுஷன் வீட்டுக்குள் இருப்பதில்லையே, தோட்டத்தில் அல்லவா இருக்கிறார்?

பின்வீட்டில் பியூட்டி பார்லர் நடத்துகிற பெண் உனக்கு நினைவிருக்கும். அவளுடைய கொல்லைப்புற விளக்கு வானத்தையே கெடுக்கிறது என்று உன் மாமா போன வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை போட்டாரே, அவளேதான். அவளும் கோபித்துக்கொண்டு விளக்கை அணைத்தே வைத்திருந்தாள். இப்போது அந்த விளக்கு விடிய விடிய எரிகிறது. உன் மாமா ஒரு வார்த்தை சொல்வதில்லை. வெளிச்சத்தைக் கண்டால் ஆகாத நட்சத்திரக்காரர், அந்த வெளிச்சத்திலேயே நின்று படம் எடுக்கிறார். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. விளக்கு எரிந்தால் ஒரு அர்த்தம், அணைந்தால் ஒரு அர்த்தம் என்று என்னென்னவோ கணக்குப் போட்டேன்.

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். கரண்ட் பில் எகிறாதா என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவள் ஒளிவுமறைவில்லாமல், ‘உங்க வீட்டுக்காரர்தான் அக்கா போட்டு வைக்கச் சொன்னார், ஏன்னு நானும் கேட்கல’ என்றாள். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அன்று குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன் தம்பி. இத்தனை வருஷத்தில் அவரை எதற்கெல்லாமோ சந்தேகப்பட்டிருக்கிறேன். இதற்குப் பட்டதில்லை.

அன்று இரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. உன் மாமா பின்கதவைத் திறந்தார். வலது கையால் கயிற்றைப் பிடித்தார். ஒவ்வொரு காலாகத் தரையைத் தடவி வைத்து, வெள்ளைக் கற்களுக்கு நடுவில் நடந்தார். பாதை நடுவே சூப்பர்வைசர் சுருண்டு கிடந்தது. எனக்கு ஜன்னலிலிருந்தே தெரிந்தது. அவர் காலில் அது இடித்தது. குனிந்து, என்ன அது என்று கையால் துழாவினார். முள் குத்தியதும் கையை உதறிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு கேமராவைத் தட்டி, திரையில் தெரிந்த நட்சத்திரங்களை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். வானம் அன்று பளிச்சென்று இருந்தது. உள்ளே வந்து, ‘இன்னைக்கு ஒரே மேகம்’ என்றார்.

என் மாமனாரை நீ பார்த்திருக்கிறாய். இருட்டினால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார், கடைசியில் பகலிலும் அப்படித்தான் நடந்தார். அதற்குமேல் எழுத எனக்குக் கை ஓடவில்லை.

இனி இன்று நடந்தது. இன்று நான் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தேன். சாயங்கால டிரிப் ஓட்டுகிற டிரைவர் லீவு. உன் மாமாவே போக வேண்டும் என்று கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது இருட்டிவிடும். என்னோடு வேலை பார்க்கிற அத்தனை பேரும், கைக்குழந்தைக்காரிகள் உட்பட, அந்த பஸ்ஸில்தான் வர வேண்டும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியைத் தேடினார். பின்கதவுப் பக்கம் வெளிச்சம் குறைந்திருந்தது. அவரே வைத்த சாவி, ஸ்டூலின்மேல் இருந்தது. அலமாரியைத் தடவினார், பையைத் தடவினார். இரண்டு தடவை அவர் பார்வை ஸ்டூலைத் தாண்டிப் போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பி, ‘நீதானே ஒளிச்சு வச்சே?’ என்றார். வாழ்நாளெல்லாம் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டது இதுதான் முதல் தடவை.

அவர் கண்ணெதிரிலேயே கையை நீட்டி ஸ்டூலிலிருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவருக்குத் தெரியவில்லை. ‘ஆமாங்க, நான்தான் ஒளிச்சு வச்சேன், தர மாட்டேன்’ என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உடம்பு சரியில்லை, வேறு வண்டி பாருங்கள் என்று கம்பெனிக்கு நானே போன் செய்தேன். இனிமேல் காலையிலும் சாவியைத் தருவதாக இல்லை.

தம்பி, நீ உடனே கிளம்பி வா. கேமராவைச் சுத்தம் செய்ய வந்தேன் என்று சொல், வேறு எதையாவது சொல். எப்படியாவது அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. தெரியவில்லை என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வராது, உன்னிடம் சொல்வார். ஒருவேளை முன்பே சொல்லியிருந்தால், ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. வந்தால் போதும்.

உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். ராத்திரி வர நேர்ந்தால் வாசல் பக்கம் இருட்டாக இருக்கும், பின்பக்கமாக வா. பார்லர்க்காரியிடம் போய், இனிமேல் பொழுது சாயும்போதே விளக்கைப் போட்டுவிடச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று அவள் என்னையும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அக்கா