சீவீயில் இருந்த விளையாட்டு

15 ஏப்ரல் 2024, திங்கள்

மத்தியானம், எந்த லொறி எங்கே போகவேண்டும் என்று பதிந்துகொண்டிருந்தேன், மேலதிகாரி மதாம் கிளேர் என் மேசைக்கு வந்தார். "மிஸ்யூ கரிகாலன், நீங்கள் கொல்ஃப் விளையாடுவீங்கள்தானே?" அவர் கேட்டு முடிக்க முன்னமே என் தலை ஆடிவிட்டது. பெரிய வாடிக்கையாளர் ஒருவருடன் நோர்மண்டியில் ஆட்டமாம். கடலுக்கு மேலே மலைமுகட்டில் மைதானமாம். வரவிருந்தவர்களில் ஒருவர் வரவில்லையாம். வேலைக்கு விண்ணப்பிக்கக் கொடுத்த என் சீவீயில், பொழுதுபோக்கு என்ற இடத்தில், கொல்ஃப் என்று இருந்தது அவருக்கு ஞாபகம் வந்ததாம்.

கொல்ஃப் மட்டையை நான் வாழ்க்கையில் தொட்டதில்லை. சீவீயை எழுதித் தந்தவர் பாரிஸில், லா சப்பலில், கடை வைத்திருக்கும் யேசுரட்ணம் அண்ணை. நான் அதை வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். ஐயோ, என்ன மடைத்தனம்.

16 ஏப்ரல்

ஆட்டம் மே 4, சனிக்கிழமை. என் எஸ்ஸே, வேலையில் வைத்துப் பார்க்கிற தகுதிகாண் காலம், முடிவது மே 17. அந்த இரண்டு மாதம் முடியும்வரை ஒரு காரணமும் சொல்லாமல் என்னை வேலையால் அனுப்பிவிடலாம். பொய்க்காரன் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். வேலை நிரந்தரமானால்தான் வீடு கிடைக்கும். வீடு இருந்தால்தான் தாட்சாயினியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட மனுப் போடலாம். கலியாணம் கட்டி மூன்று வருடம். சேர்ந்து இருந்தது நாற்பது நாள்.



20 ஏப்ரல், சனி

யேசுரட்ணம் அண்ணையிடம் போனேன். கடைக்குள்ளே போன் கார்ட் வாங்க வந்தவர்கள் நிற்க நிற்கவே கேட்டுவிட்டேன். மனுஷன் கொஞ்சமும் அசையவில்லை.

"தம்பி, அந்த இடத்தை வெறுமையா விடேலாது. சமையல் எண்டு போட்டா உன்னை குசினிக்குத்தான் எடுப்பாங்கள். ஒபீஸ் வேலை எண்டால் கொல்ஃப். நான் எல்லாருக்கும் அதுதான் போடுறனான்."

"எத்தினை பேருக்கு அண்ணை?"

"ஒரு முப்பது பேர் வரும். ஒருத்தனையும் ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை. உன்ர விதி."

சிரிக்கிறார்! எனக்கு வேலை போகப்போகிறது, இவர் சிரிக்கிறார்.

27 ஏப்ரல்

சார்செலில் நாங்கள் இருக்கிற அறையில், கூட்டுகிற தும்புத்தடியால் பழகுகிறேன். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் இடுப்பைத் திருப்பச் சொல்கிறான். அறைத் தோழன் பிரின்ஸ்டன் கட்டிலில் கிடந்துகொண்டு, "மச்சான், கிறிக்கெட் மாதிரி நிக்காதை, இஞ்சை ஒருத்தரும் உனக்குப் பந்து போட வரேல்லை" என்கிறான். பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். உடம்பு கேட்குதில்லை.

தாட்சாயினி போன் எடுத்தாள். வேலை எப்படி என்றாள். நல்லாப் போகுது என்றேன்.

2 மே

காய்ச்சல் என்று சொன்னால் என்ன? இல்லை. டொக்டர் துண்டு கேட்பார்கள். அது இன்னொரு பொய்.

4 மே, சனி

எழுதத்தான் வேண்டும்.

இரண்டு மணித்தியாலம் மதாம் கிளேரின் காரில். இறங்கியதும் காற்று கன்னத்தில் அறைந்தது. பச்சைப் புல்தரை அப்படியே போய் ஓரிடத்தில் முடிகிறது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கீழே, எவ்வளவோ கீழே, கடல். வேலி என்று இரண்டு கயிறுதான். அழகு என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது.

முதல் அடி காற்றில் போனது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது தடவை என்னை அறியாமலே கால் முன்னால் போய்விட்டது. இடப்பக்கம் இழுத்து விளாசினேன். கிறிக்கெட் என்றால் நாலு ஓட்டம். பந்து கயிற்றைத் தாண்டிக் கடலுக்குள் போனது.

வாடிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். மதாம் கிளேர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: "கனகாலம் விளையாடவில்லையோ?"

நல்ல வழி. ஓம் என்றால் போதும், தப்பிவிடலாம். என்ன பிடித்ததோ தெரியாது.

"ஒருக்காலும் விளையாடினதில்லை மதாம். சீவீயில இருக்கிறது பொய். நான் எழுதேல்லை, ஆனா வாசிக்காமல் கையெழுத்து வச்சது நான்தான். கேட்ட உடனே சொல்லியிருக்கவேணும். பயத்தில சொல்லேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நம்புகிறேன்" என்றார். பிறகு, "திங்கட்கிழமை உங்கள் கோப்பைப் பார்க்கவேண்டும். இப்போது போய்க் குழியில் நட்டிருக்கும் அந்தக் கொடியைப் பிடியுங்கள்."

மிச்சம் முழுவதும் ஒவ்வொரு குழியிலும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டுக்கு வந்து என் அகதிக் கதையைச் சொன்னேன், அத்தனையும் உண்மை, இரண்டு தரம் நம்பமாட்டோம் என்று கடிதம் வந்தது. பிறகு வேலை செய்துதான் விசா எடுத்தேன். இங்கே உண்மை சொன்னால் ஒரே தரத்தில் நம்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? காற்று நல்லது. கண்ணில் தண்ணி வந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

6 மே, திங்கள்

கோப்பைப் பற்றி மதாம் கிளேர் ஒன்றும் சொல்லவில்லை. போன்சூர் என்ற வணக்கம் மட்டும்.

10 மே

கதவைப் பூட்டிக்கொண்டு யாரோடோ பேசினார். என்னைப் பற்றித்தான். வேறென்ன?

14 மே

பழைய றெஸ்ரோறன்ற் முதலாளிக்குப் போன் எடுத்து, இடம் இருக்கோ எண்டு கேட்டன். தட்டுக் கழுவ வரச்சொன்னார். தாட்சாயினிக்கு என்ன சொல்லுறது? ஐயோ, அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது.

பிறகு அவளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நல்லாப் போகுது என்று சொன்னதும் பொய் என்றேன். "இனி இப்பிடி ஒளிக்காதேங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

17 மே, வெள்ளி

நாலு மணிக்கு மதாம் கிளேர் கூப்பிட்டார். கதிரையில் இருக்கக்கூட என்னால் முடியவில்லை. இரண்டு மாதத்தில் நான் அனுப்பிய லொறிகள் எல்லாவற்றையும் பார்த்தாராம். ஒன்றுகூடப் பிழையான இடத்துக்குப் போகவில்லையாம். கடிதத்தை நீட்டினார். நிரந்தரம். மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாட்சாயினிக்குச் சொன்னேன். "உண்மையோ, எனக்காகச் சொல்லுறியளோ?" என்றாள். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பிரெஞ்சு அவளுக்கு வராது. கீழே இருக்கிற முத்திரையைத்தான் பார்த்திருப்பாள். இன்னும் வீடு தேடவேணும், மனுப் போடவேணும், ஒரு வருடமாவது போகும் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"ஓம், ஓம்," என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இஞ்சருங்கோ, அங்கத்தைக் குளிருக்கு எத்தினை ஸ்வெற்றர் கொண்டு வரவேணும்?"