கடல்நாய்த் தோல் கோட்டு

வேட்டைக்காரத் துரைக்கு,

நீங்கள் அனுப்பிய கடல்நாய்த் தோல் கோட்டு வந்து சேர்ந்தது. நம் ஊர் தின்கன்ஜூன் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போக? லான்மடாவ் சந்தையில் கோழி அறுப்பதைப் பார்த்தே மயங்கி விழுந்தவர், வடகடல் பனியில் கடல்நாய் அடிக்கிற தடியோடு நிற்கிற படத்தையும் பார்த்தேன். பெரிய வீரம்தான்.

"படைக்கு ஆள் பிடிக்கிறாங்க, நான் முன்னால வெளிநாடு போயி நம்ம பையனை அங்க கூப்பிட்டுக்கிறேன்" என்று கிளம்பினீர்கள். கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் கடல்நாய்ப் புராணம். மற்றவை ஓடினாலும் தாய் மட்டும் குட்டியை மறைத்துக்கொண்டு நிற்குமாம். முட்டாள் மிருகமாம்.

செவ்வாய்க்கிழமை படைக்கு ஆள் பிடிக்கிற லாரி வந்தது. "ஒதுங்கும்மா" என்றார்கள். நான் வாசலை மறித்து நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுத்தான் அவனைக் கொண்டுபோனார்கள்.

இப்படிக்கு,
இங்கேயே நிற்கிற முட்டாள் மிருகம்.