துணி விரிக்கிறவர்

பிப்ரவரி 9

அன்புள்ள செக்கிங் மேடத்துக்கு,

நலம். நீயும் வாலுவும் நலமா? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, எழுதிப் பார்ப்போம் என்று நீ சொன்னபடி எழுதுகிறேன். கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

நல்ல சேதி. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சோதனைக் காலம் முடிவதற்கு முன்பே கையில் உத்தரவு. மேனேஜரம்மா மெக்கானிக் எல்லாரையும் கூப்பிட்டு, "வாஷிங் மெஷினை யார் வேணா சரி பண்ணலாம். இவர்கிட்ட இருக்கிற பொறுமையைக் கத்துக்குங்க" என்றார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ரிப்பேருக்குப் போகிற வீட்டில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிடுகிறேன். மெஷினுக்கு முன்னால் ஒரு பழைய துணியை விரித்து அதன் மேல்தான் ஸ்பேனரெல்லாம் வைக்கிறேன். அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகுதான் மெஷினைத் தொடுகிறேன். வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டு வருகிறேன். இப்போது ஆபீசுக்குப் போன் பண்ணுகிறவர்கள், "அந்தத் துணி விரிக்கிறவரையே அனுப்புங்க" என்று கேட்கிறார்களாம். காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் ஷட்டரைத் திறப்பதும் நான்தான்.

இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. நீ வேலையை விட்டுவிட்டு வாலுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. எவ்வளவு நாள்தான் இப்படி ஆளுக்கொரு பக்கம் இருப்பது?

உன்
வாலுவின் அப்பா


பிப்ரவரி 17

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். கடிதம் வந்தது. எழுதினது நீங்கள்தானா என்று கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்தேன்.

யார் இந்த ஆள்? எனக்குத் தெரிந்தவர் ஷூவோடு சமையலறை வரைக்கும் வருவார். நான் ஒரு விஷயம் சொல்ல வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். காலையில் அவரை எழுப்புவதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். தரையைத் துடைப்பதா! டீ கொட்டினால் தாண்டிப் போகிற மனுஷன்.

தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பிசிறு பார்க்கிற செக்கிங்தான் என் பிழைப்பு. வெளித்தையல் இவ்வளவு நேர்த்தியாக இருந்தால் உள்ளே எங்கேயோ கோணல் இருக்கும். அதனால் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். விடியற்காலையில் உங்களை எழுப்பிவிடுவது யார்? சட்டைக்கு இஸ்திரி போடுவது யார்? அந்த மேனேஜரம்மாவுக்கு என்ன வயசு? உங்களையே அனுப்பச் சொல்லிக் கேட்கிற வீடுகளில் இருக்கிறவர்கள் யார் யார்?

போன தடவை உங்களை நம்பி வேலையை விட்டேன். நீங்கள் வைத்த ரிப்பேர் கடை திறப்பதற்கே மத்தியானம் ஆகும். வருஷம் திரும்புவதற்குள் மூடியாயிற்று. இங்கே மறுபடி சேருவதற்கு நான் யார் யாரிடம் பல்லைக் காட்டினேன் என்று உங்களுக்குத் தெரியாது. இன்னொரு தடவை வாய்ப்பேச்சுக்கு மயங்க என்னால் முடியாது.

வாலு உங்களுக்கு முத்தம் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பிப்ரவரி 24

மேடம்,

மேனேஜரம்மாவுக்குப் பேரன் காலேஜில் படிக்கிறான். என்னை எழுப்புவது அலாரம். இஸ்திரி போடுவது நான். நம்பாவிட்டால் காலர் கருகின சட்டை இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன், உள்பக்கம் திருப்பிப் பார்.

ஊரே நம்புகிறது, கட்டினவள் நம்பவில்லை. பரவாயில்லை. வீட்டுக்காரர் இந்தப் பங்குனி முடியும் வரைதான் வீட்டை வைத்திருப்பாராம். வருவாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை எழுது.

வாலுவின் அப்பா


மார்ச் 4

வாலுவின் அப்பாவுக்கு,

ஒரு திருட்டு வேலை செய்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன். என்னோடு தையல் படித்த சிநேகிதி உங்கள் பக்கம்தான் இருக்கிறாள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் காதில் வாங்கியிருந்தால்தானே! அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. அவள் மெஷினில் தண்ணீர் போகிற குழாய்க்குள் நானே ஒரு சாக்ஸைத் திணித்தேன். "துணி விரிக்கிறவரையே அனுப்புங்க" என்று அவளைப் போன் போட வைத்தேன். நீங்கள் மணி அடித்தபோது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஷூவைக் கழற்ற ஏனோ வெகு நேரம் எடுத்துக்கொண்டீர்கள். பிறகு துணியை உதறி விரிக்கிற சத்தம். நான் சொல்லிக்கொடுத்தபடி அவள் மெஷினில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் புலம்பினாள். நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. "சொல்லுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு நாளாவது அப்படிச் சொன்னதுண்டா?

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று அவள் போட்டு வாங்கினாள். "வீட்டம்மா ஊர்ல வேலை பாக்குறாங்க. ஒரு நூல் தப்பா ஓடினாலும் பிடிச்சிருவாங்க. அவங்க இல்லாம கஷ்டமாத்தான் இருக்கு" என்றீர்கள். தரையைத் துடைத்துவிட்டுக் கிளம்பிப் போனீர்கள். நான் வெளியே வரவில்லை.

இன்னொருத்தி இருப்பாள் என்றுதான் தேடி வந்தேன். இருந்திருந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். ஒரு கம்பெனியிடம் எப்படிச் சண்டை போடுவது? அவர்கள் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று உங்களுக்குப் பயம். நான் தூக்க மாட்டேன் என்று தைரியம். அதனால்தானே நல்லதெல்லாம் அவர்களுக்கு, மிச்சம் எனக்கு?

வருவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

உங்கள் மனைவி


மார்ச் 11

அன்புள்ள மேடத்துக்கு,

நீ உள்ளே இருந்தது எனக்குத் தெரியும்.

வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தபோதே உன் செருப்பைப் பார்த்துவிட்டேன். இடது வார் அறுந்து, உங்கள் கம்பெனி நீல நூலால் நீ தைத்துக்கொண்ட செருப்பு. குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், அதனால்தான் அவ்வளவு நேரம். மறைந்து நிற்கிறாய் என்றால் பார்க்கத்தான் வந்திருக்கிறாய், பார்க்கட்டும் என்று கூப்பிடாமல் விட்டேன். அதற்கப்புறம் நான் பேசினதெல்லாம் படுக்கையறைக்குக் கேட்கட்டும் என்றே பேசினது. வேறு வீடாக இருந்தால், மாமியார் கதை ஆரம்பித்ததுமே "மெஷினைப் பார்த்துடறேம்மா" என்று நழுவியிருப்பேன்.

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நீ வந்திருக்கவும் கூடும். ஆனால் நீ என்றைக்காவது கண்டுபிடிப்பாய். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

உன்
வாலுவின் அப்பா


மார்ச் 18

வாலுவின் அப்பாவுக்கு,

அடப்பாவி மனுஷா! அப்படியென்றால் நான் பார்த்தது இன்டர்வியூ. இன்டர்வியூவில் யார்தான் நல்லவராக இல்லை? எங்கள் கம்பெனிக்கு வருகிறவர்களும் முதல் நாள் அப்படித்தான் குழைவார்கள்.

இரண்டு நாள் பாத்திரங்களையெல்லாம் நங்நங்கென்று வைத்தேன். வாலு பயந்துபோய் அவளாகவே வீட்டுப்பாடம் எழுதினாள். அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் பேசினது ஒன்றும் உங்கள் காதில் ஏறினதில்லை, இந்த நீல நூல் மட்டும் எப்படிக் கண்ணில் பட்டது? நடித்தீர்கள், சரி. ஆனால் எனக்காக நீங்கள் நடித்தது இதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

முன்பணம் கொடுத்துவிடுங்கள். வாலுவின் பரீட்சை முடிந்ததும் வருகிறோம். வேலையை விடவில்லை, நீண்ட லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களை நிரந்தரமாக்கினது மேனேஜரம்மா. நான் இன்னும் ஆக்கவில்லை. அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. நாங்கள் வருவதற்கு முன்னால் வீட்டைத் துடைத்து வைக்க வேண்டாம். வந்த பிறகு துடையுங்கள். நான் பார்க்க வேண்டும்.

இன்னும் உங்கள்
செக்கிங் மேடம்