மான் தொடாத செடிகள்

அக்கா,

உங்கள் பின்பக்கத்துச் செம்பருத்தி மொட்டு விட்டிருக்கிறது. ஒன்றே ஒன்று. காலையில் துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும், பச்சையாக இறுக மூடிக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? மருமகளிடம் சொன்னேன். "செம்பருத்தின்னா மொட்டு வுடத்தான் செய்யும், அதுக்கு இன்னா அத்தே?" என்று கேட்டுவிட்டு அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. அந்தச் செடி இத்தனை வருஷமாக ஒரு பூகூடப் பூத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அது ஏன் என்பதும் தெரியாது.

நாம் குடிவந்தது தொண்ணூற்றொன்றில். அந்த ஆண்டுக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரகடத்துக்கு உள்ளே, காப்புக்காட்டு ஓரமாக இருந்த நம் மனைகளுக்கு வழி சொல்லத்தான் நாக்கு தள்ளிவிடும். மஞ்சள் அடித்த கல்லாகக் கண்ணுக்கெட்டிய வரை நட்டு வைத்திருந்தார்கள். வீடு என்று எழும்பியது இரண்டுதான், உங்களுடையதும் எங்களுடையதும். என் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் எனக்குக் கைக்குழந்தையும் நீங்களும்தான் துணை. அப்போது எனக்கு ரொம்பப் பயம், அக்கா. வெளியில் காட்டிக்கொள்ளாமல் வாயடித்துக்கொண்டு திரிந்தேன். உங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும்.

உங்கள் வீட்டுக்காரர், அண்ணனுக்கு, இந்த இடம் பிடிக்கவே இல்லை. பெரம்பூர் ரயில் பட்டறைச் சத்தத்திலேயே முப்பது வருஷத்துக்கு மேல் காது கொடுத்தவர். ஓய்வு பெற்று, கையில் வந்ததைப் போட்டு வீட்டைக் கட்டிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே மஞ்சள் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. டீக்கடை இல்லை. வம்பு பேச ஆள் இல்லை. "இன்னா வூடு இது? சுடுகாட்டுக் காவக்காரன் கணக்கா குந்திகினு கீறேன். பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது வூடு மாதிரி ஆச்சின்னா சரி, இல்லன்னா வித்துட்டு பெரம்பூருக்கே போயிடலாம்" என்று கெடு வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் நீங்கள் என்னிடம் வந்து அதைச் சொன்னபோது நான் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய்விட்டால் நான் இந்தக் காட்டில் என்ன செய்வேன்? நீங்கள்தான் சட்டென்று வழி கண்டுபிடித்தீர்கள். "மொட்டையா கீது, அதான் அந்தாளுக்குப் புடிக்கல. வாசல் நெறைய செடி வெச்சிட்டா வூடு களை கட்டிடும்டி. அப்பறம் எங்க போவாரு?"

முதலில் வைத்தது ரோஜா, கனகாம்பரம், செம்பருத்தி. யாருக்கும் தோன்றுகிற செடிகள்தானே. இரண்டே நாளில் எல்லாம் குச்சியாக நின்றன. மண்ணில் குளம்புத் தடம். ஆட்டுக்காரர்களைத் திட்டலாம் என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் விடியலில் நீங்கள் ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். காட்டிலிருந்து வந்த புள்ளிமான்கள், ஆறேழு இருக்கும், விருந்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி நிதானமாக மென்றுகொண்டிருந்தன. "பூவ மட்டும் கிள்ளிக் கிள்ளித் தின்னுது பாரு, சீமாட்டிங்க!" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அதன் பிறகுதான் நம்முடைய மகத்தான ஆட்டு யோசனை பிறந்தது. யாருடைய யோசனை என்று கடைசிவரை நாம் சண்டை போட்டோம், உங்களுடையதுதான். "ஆடு தின்னாதத மான் தின்னுமாடி? ஆட்டக் கேட்டுட்டு செடி வாங்குவோம்!" படப்பை நர்சரிக்குப் போய், செடி செடியாக ஒரு கொத்தைக் கிள்ளி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டோம். நர்சரிக்காரர் நம்மைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆடு மேய்க்கும் அஞ்சலையிடம் கெஞ்சி ஒரு வெள்ளாட்டை ஓட்டிவந்து, உங்கள் வாசலில் கொத்துகளை வரிசையாக வைத்து, பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றின் முன்னாலும் அதை நிறுத்தினோம். அது குரோட்டனை மோந்தது, திரும்பிக்கொண்டது. இட்லிப்பூவை மோந்தது, திரும்பிக்கொண்டது. செம்பருத்தியைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் கை தட்டினீர்கள். "பாத்தியா! ஒண்ணையும் தொடல! எல்லாத்தையும் வாங்கலாம்!"

எல்லாவற்றையும் வாங்கினோம், நட்டோம், மான்கள் எல்லாவற்றையும் தின்றன.

அஞ்சலை வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யக்கா, அது காலைல ரெண்டு வூட்டுக் கஞ்சித் தண்ணி குடிச்சிட்டு வந்துச்சிக்கா! வயிறு நெறஞ்ச ஆடு அல்வா குடுத்தாலும் தின்னாது." நீங்கள் அவளோடு சேர்ந்து சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அப்போது கார்த்திகை பிறக்கப் போகிறது, பொங்கல் தொலைவில் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வழி தெரிந்தது சுங்குவார்சத்திரத்தில். துணி எடுக்கப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஆடுகளும் மாடுகளும் மேய்ந்து தரையைச் சுரண்டி வைத்திருந்தன. நடுவில் மட்டும் ஒரு நொச்சிப் புதர் பச்சைப் பசேலென்று நின்றது, தள்ளி ஒரு எருக்கு, கோயில் சுவரோரம் பூத்துக் குலுங்கிய அரளி. நீங்கள் என் முழங்கையைக் கிள்ளினீர்கள். "ஆட்ட இன்னாடி கேக்கறது? தின்னாததுதான மிச்சம் நிக்குது, கண்ணு முன்னாடி!" அதற்கப்புறம் வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, போவோர் வருவோர் வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் இலை இலையாகக் கசக்கி மோந்துகொண்டிருந்தோம். வீட்டுக்கு வருவதற்குள் உங்கள் சட்டம் தயாராகிவிட்டது. "பாலு வடியணும், இல்லாங்காட்டி வாடை அடிக்கணும், இல்லாங்காட்டி முள்ளு குத்தணும். மீதியெல்லாம் மானுக்கு பந்தி."

அந்தச் சட்டப்படியே செய்தோம். வேலியோரம் முழுக்க நொச்சிக் கிளைகளை வெட்டி ஊன்றினோம். வாசலுக்கு இருபுறமும் சிவப்பும் வெள்ளையுமாக அரளி. படியருகில் நந்தியாவட்டை. கேட்டின் மேல் ஏற்றிவிட காகிதப்பூ. இடையிடையே ஆடாதொடை. அரளியை வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடக்கூடாது என்று என்னை நாளுக்குப் பத்துத் தரம் மிரட்டினீர்கள். மழை நன்றாகப் பெய்தது. மார்கழியில் நான் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் உங்கள் வாசல் பச்சையாக, பூவாக நின்றது. மான்கள் வந்தன, மோந்தன, தும்மின, போயின. பிறகு வருவதையும் விட்டுவிட்டன. நாம் ஜெயித்துவிட்டோம் என்று வாசலில் நின்று பால் பாயசம் குடித்தோம்.

பொங்கல் முடிந்த வாரமே தரகர் வந்துவிட்டார். அண்ணன் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வரச் சொல்லியிருந்தார். அந்த மனிதர் கேட்டைத் திறந்ததுமே வாயைப் பிளந்தார். "தோட்டம் சூப்பரா வெச்சிகிறீங்க சார்! இதப் பாத்தாலே பார்ட்டி மயங்கிடுவான். வர்ற ஞாயித்துக்கெழம இட்டாரேன்." நாம் இருவரும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அண்ணன் போகாமல் இருக்க வைத்த தோட்டம், வீட்டை விற்றுக்கொடுக்கப் போகிறது.

தரகர் போனதும் நீங்கள் பொரிந்து தள்ளினீர்கள். "வூடு மாதிரி ஆவணும்னு சொன்னியே! இன்னும் இன்னா வோணும் ஒனக்கு?" அண்ணன் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

"காலைல எந்திரிச்சா அதுங்க வந்து நிக்கும். வாசல்ல குந்திகினு டீ குடிச்சிகினே பாப்பேன். பெரம்பூர்ல எவனாவது மான பாத்துகினு டீ குடிப்பானா? பட்டறைப் பசங்ககிட்டகூட சொல்லி வெச்சிருந்தேன். இருந்தது அது ஒண்ணுதான். அதையும் தொரத்திட்டீங்க ரெண்டு பேரும்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மனிதர் ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம். நீங்கள் அவரைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் படப்பைக்குப் பஸ் ஏறினீர்கள். வந்தபோது கையில் இடுப்பளவு உயரத்தில் தளதளவென்று ஒரு செம்பருத்தி. பின்பக்கம் நொச்சி வேலியில் நாலு முழத்துக்குச் செடிகளைப் பிடுங்கி வழிவிட்டு, பகலில் ஆடு மாடு நுழையாமலிருக்க மூங்கில் படல் ஒன்றைக் கட்டி, உள்ளே செம்பருத்தியை நட்டீர்கள். பொழுது சாய்ந்ததும் படலைத் திறந்து வைத்தீர்கள்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் இலைகளில் வெல்லத் தண்ணீர் தெளித்தீர்கள். எறும்புதான் வந்தது. சனிக்கிழமை இரவு நான் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை நான் உங்களோடு பின்வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் கையில் டீயோடு எனக்கு முன்னால் நின்றார். படல் வழியாக ஒரு பெண்மான் தலையை நீட்டியது, பின்னாலேயே குட்டி. இரண்டும் உள்ளே வந்து செம்பருத்தியில் வாய் வைத்தன. அதே நேரம் முன்வாசலில் தரகருடைய ஸ்கூட்டர் ஹார்ன். அண்ணன் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பூனை மாதிரி முன்பக்கம் நடந்தார். அவர் கிசுகிசுத்தது பின்வாசல்வரை கேட்டது.

"வூடு விக்கறதில்ல. வண்டிய தள்ளிகினு போய் அந்தாண்ட ஸ்டார்ட் பண்ணு. சவுண்டு வுடாத."

அன்று நீங்கள் என்னைக் கட்டிக்கொண்ட பிடி இன்னும் என் தோளில் இருக்கிறது.

அதற்கப்புறம் செம்பருத்திக்கு ஏது மொட்டு? துளிர் விட்டால் துளிர், மொட்டு விட்டால் மொட்டு, விடிவதற்குள் போய்விடும். நர்சரிக்காரர் நிறம் சொல்லாமல் கொடுத்த செடி. நீங்கள் சிவப்பு என்பீர்கள், நான் ரோஸ் என்பேன். "பூத்தாதான தெரியும்? பூக்க வுட்டாதான பூக்கும்?" என்று சிரிப்பீர்கள். இந்தச் சண்டையை வைத்துக்கொண்டு எத்தனை சாயங்காலங்களை ஓட்டினோம். மஞ்சள் கற்கள் போய் வீடுகள் வந்தன, மண்சாலை போய் ஆறு வழிச்சாலை வந்தது, அந்தப் பக்கம் கார் கம்பெனி, இந்தப் பக்கம் லாரி கம்பெனி. அண்ணன் காலமான மறுநாள் சாயங்காலமும் நீங்கள் எழுந்துபோய்ப் படலைத் திறந்தீர்கள். உறவுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "அதுங்களுக்கு இன்னா தெரியும், வந்து பாக்கும்ல" என்றீர்கள்.

நீங்களும் போன பிறகு உங்கள் மகன் வீட்டைக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டான். பின்பக்கத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூங்கில் இற்றுப்போய் இரண்டு தரம் படலை மாற்றினேன். கடைசியாக ஒரு கிழட்டுக் கலைமான் மட்டும் வந்துகொண்டிருந்தது. காட்டைச் சுற்றிச் சுவர் எழும்பியதும் அதுவும் நின்றுவிட்டது. கோடை போய் மழை வந்தும் காணவில்லை. அதனால்தான் அக்கா, இன்று காலை அந்த மொட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இதை இங்கே நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இன்று விடியலில் போய்ப் பார்த்தேன், பூத்துவிட்டது. கையகலப் பூ.

சிவப்பு, அக்கா. நீங்கள்தான் ஜெயித்தீர்கள். உங்களிடம் வந்து தோற்றேன் என்று சொல்ல முடியவில்லையே என்று அந்தச் செடியடியிலேயே உட்கார்ந்து அழுதேன். மருமகள் வந்து, சாமி படத்துக்கு வைக்கலாம் என்று கையை நீட்டினாள். பறிக்க விடவில்லை. சாயங்காலம் அது சுருண்டுகொண்டிருந்தது. நான் வழக்கம்போல் படலைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.