நிலாவுக்குப் பின் வாங்கிய பஸ்

செம்மநத்தம்
11.2.2024

அன்புள்ள வனிதாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் கீர்த்திகாவும் சுகம்தானே?

போனில் என் குரலைக் கேட்டால் அன்றைக்கு நான் ஜீப்புக்காரனைக் கூப்பிட்டுக் கத்தியதுதான் உன் காதில் விழுகிறது என்றும், ஏதாவது சொல்வதென்றால் எழுதுங்கள் என்றும் சொல்லிவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

ஒரு பஸ் வாங்கியிருக்கிறேன். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய மினி பஸ். நம் லூர்துராஜ் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தனபாலு, உடம்புதானுங்க துருப்புடிச்சிருக்குது, நெஞ்சு நல்லாத்தான் இருக்குது" என்றார். சீட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டேன். அடியில் பிள்ளைகள் ஒட்டிவைத்த மிட்டாய்க் காகிதத்தைச் சுரண்டவே ஒரு நாள் ஆனது. இதை வீடாக்கப் போகிறேன்.

பைத்தியம் என்று நினைக்காதே. அன்று சாயங்காலம் நம் சின்னவள் நிலாவுக்குக் காய்ச்சல் ஏறி, வெட்டு வந்து கைகால் இழுத்தபோது நமக்கு இல்லாதது ஒரு வண்டிதான். வருகிறேன் என்ற ஜீப் மலைமேல் ஏரிக்கரையில் விடுமுறைக்கு வந்த டூரிஸ்ட் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன், தார் ரோடு வருவதற்குள் பிள்ளைக்கு மூச்சு அடங்கிவிட்டது. இனி நம் வீடே ஓடும், வனிதா. மிளகும் பலாவும் கொய்யாவும் ஏற்றிக்கொண்டு ஓமலூர், ஆத்தூர் என்று சந்தை சந்தையாகப் போவோம். எங்கே நிறுத்தினாலும் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கும்.

கீர்த்திகாவுக்கு முத்தம்.

உன்
தனபால்

*

திருப்பூர்
25.2.2024

அன்புள்ள கீர்த்திகா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நின்று நின்று கால் வீங்குகிறது. அண்ணி வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பஸ் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிள்ளை போன பிறகு வண்டி வந்து யாரை ஏற்றப் போகிறது? வயசுக்கு வரப்போகிற பெண்ணை வைத்துக்கொண்டு சந்தை சந்தையாகச் சுற்றினால் அவள் எங்கே படிப்பாள், எங்கே குளிப்பாள்? வெளிக்குப் போவது எங்கே? இதையெல்லாம் யோசித்தீர்களா, இல்லை ஸ்டீரிங்கைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டதா?

கடிதத்தை உங்கள் மகள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அம்மா, அப்பா பஸ்ஸுல எனக்குத் தனி ஜன்னலு இருக்குமாம்மா?" என்று ரெண்டு நாளாக ஒரே பாட்டு. இங்கே வந்த பிறகு அவள் இவ்வளவு பேசியது இப்போதுதான்.

எதை வைத்து வாங்கினீர்கள்? அதை எழுதவே இல்லையே.

இப்படிக்கு
வனிதா

*

செம்மநத்தம்
10.3.2024

அன்புள்ள வனிதாவுக்கு,

நீ திட்டி எழுதியதும் உயிர் வந்தது. திட்டுவதற்காவது எழுதினாயே.

கீர்த்திகாவுக்குத் தனி ஜன்னல் உண்டு என்று சொல். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மேலே அவளுக்குக் கட்டில், சில்வர் ஓக் பலகையில். கீழே நமக்கு. பின்கதவுப் பக்கம் தகரம் அடித்துக் குளிக்கவும் வெளிக்குப் போகவும் ஒரு அறை, உள்ளேயிருந்து தாழ்ப்பாள். கூரைமேல் தண்ணீர் டிரம். தரை துருவை வெட்டிப் புதுத் தகடு ஒட்டியாயிற்று. அடுப்பு மேடைக்குக் கடப்பாக் கல் போடலாம் என்றேன், லூர்துராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "கல்லு வெச்சா கொண்டை ஊசியில பிரேக்கு நிக்காதுங்க." அதனால் அதுவும் பலகைதான். பள்ளிக்கூடத்துக்கு ஓமலூரில் கேட்டிருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பக்கத்துக்காட்டுச் சித்தன் தினமும் தார் ரோட்டு முனைக்கே வந்து பஸ்ஸைப் பார்க்கிறான். "ஏனுங்க மாப்ள, ஆரன் வெச்ச ஊட்டுக்குப் பொண்டாட்டிய எப்படிங்க கூப்புடுவீங்க, ஆரன் அடிச்சுங்களா?" என்று நேற்று ஒரே கிண்டல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மேட்டுக்காட்டை ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு விட்டிருக்கிறேன். காட்டேஜ் கட்டப் போகிறார்கள். பள்ளத்துக் காடு நம்மிடமே இருக்கிறது. நிலா படுத்திருக்கும் மூலையைத் தொட மாட்டோம் என்று அவர்களுடைய மேனேஜர் மாரியப்பன் என் கையில் அடித்துச் சொன்னார். கூடவே நின்று இடத்தைக் காட்டியிருக்கிறேன். கோபப்படாதே.

உன்
தனபால்

*

திருப்பூர்
24.3.2024

அன்புள்ள கீர்த்திகா அப்பாவுக்கு,

மேட்டுக்காடா? படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். கம்பெனியில் அன்றைக்கு ஒரு கட்டு பனியன் முழுக்கத் தப்பாகப் பார்த்து சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

இவ்வளவும் எங்களுக்காகத்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. தெரிவதால்தான் கோபத்தை முழுசாகக் காட்டவும் முடியவில்லை. இங்கே இருந்தும் நான் ஒன்றும் நன்றாக இல்லை. உங்களைப் பார்க்காமல் கஷ்டமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் ஒரே தடவைதான் எழுதுவேன்.

பரீட்சை முடிந்ததும் மே மாதம் வருகிறோம். ஒன்றே ஒன்று. நம் வகையறாவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கல் நடுவதில்லை, முள்ளைப் போட்டு மூடுவதோடு சரி. அந்த முள்ளும் இந்நேரம் மக்கிப் போயிருக்கும். நம் ஊரில் எல்லாருக்கும் இடம் தெரியும், வெளியூர்க்காரனுக்கு அது வெறும் மண். கட்டிலும் அடுப்பு மேடையும் மெதுவாக ஆகட்டும். முதலில் நீங்களே உங்கள் கையால் அந்த மூலைக்குக் கிளுவை வேலி போடுங்கள். வந்ததும் அவளிடம் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அப்புறம்தான் உங்கள் பஸ்ஸில் ஏறுவேன்.

கீர்த்திகாவுக்கு அவள் ஜன்னலுக்கு ரோஸ் நிறத்தில் திரை வேண்டுமாம். நான் தைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள்
வனிதா

*

செம்மநத்தம்
28.4.2024

அன்புள்ள வனிதாவுக்கு,

"உங்கள் வனிதா" என்று முடித்திருந்தாயே, அந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

பஸ் முடிந்துவிட்டது. மஞ்சளை மறைத்து ஆகாய நீலம் அடித்தாகிவிட்டது. நாளைக்குச் சேலத்துக்கு எடுத்துப் போகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் எப்.சி. காட்ட வேண்டும், டயர் மாற்ற வேண்டும். நாலைந்து நாளில் திரும்பிவிடுவேன். அப்படியே திருப்பூருக்கே ஓட்டிக்கொண்டு வந்து உங்களை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை. உன் அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

வேலிக்குக் கிளுவைக் கொம்பு வெட்டி வைத்துவிட்டேன். நட இன்னும் மழை இறங்கவில்லை, காய்ந்த மண்ணில் நட்டால் தழையாது. மாரியப்பனிடம் மறுபடியும் சொன்னேன். "நீங்க போய்ட்டு வாங்க, அந்த மூலைக்குக் கம்பி வேலியே போட்டுத் தர்றமுங்க, நான் இருக்கறன்" என்றார். நல்ல மனிதர்தான். வந்ததும் முதல் வேலை அதுதான்.

உன்
தனபால்

*

செம்மநத்தம்
9.5.2024

வனிதா,

திருப்பூருக்கு நான் ஏன் வரவில்லை என்று நினைத்திருப்பாய். நீங்களும் இப்போது புறப்பட வேண்டாம்.

நான் சேலத்தில் இருந்தபோது மாரியப்பன் தன் ஊருக்குக் கோயில் நோம்பிக்குப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் பொக்லைன் வந்திருக்கிறது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று மேட்டுக்காட்டு மேல்பக்கம் முழுவதையும் வழித்துவிட்டார்கள். ஓட்டியவனைப் பிடித்து உலுக்கினேன். சின்னப் பையன், அழுதுவிட்டான். "கல்லு, மேடு ஒண்ணுமே இல்லீங்களேண்ணா, எனக்கு எப்படிங்கண்ணா தெரியும்?" என்றான். அவனை என்ன செய்ய?

எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை, வனிதா. பக்கத்தில் நின்ற பலாமரமும் இல்லை. பெற்றவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

மறைத்தால் நீ வந்த அன்றே ஊரார் சொல்லிவிடுவார்கள். அதனால் மீதியையும் எழுதுகிறேன். வழித்த மண்ணை டிப்பரில் ஏற்றி, நம் ஊர் ரோட்டை அகலப்படுத்தக் கொட்டி ரோலர் ஓட்டிவிட்டார்கள். டூரிஸ்ட் கார் வந்துபோக வேண்டுமாம். இப்போது ஜீப் வாசல் வரைக்கும் வருகிறது. சேலத்திலிருந்து திரும்பியபோது, எந்த மண் என்று தெரியாமல் அதன்மேலேயே ஓட்டி வந்து பஸ்ஸை அங்கே நிறுத்தியிருக்கிறேன். ஊரை விட்டு இறங்க வேறு வழி கிடையாது, அந்த மண்மேல் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். சாவியைப் போடுகிறேன், திரும்ப எடுத்துவிடுகிறேன்.

நீ சொன்னபடி மழைக்குக் காத்திருக்காமல் அன்றே நட்டிருக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தனபால்

*

திருப்பூர்
2.6.2024

திரு. தனபால் அவர்களுக்கு,

எழுதாமல் இருக்க வேண்டாம் என்று கேட்டீர்கள். அதற்காக எழுதுகிறேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் கோபம் ஆறிய பிறகும் என்னால் வர முடியாது. அதை யோசித்துப் பார்க்க எனக்கு இவ்வளவு நாள் ஆனது. கம்பெனிக்குப் போகும்போது யோசித்தேன், வரும்போது யோசித்தேன். அந்த ரோட்டில் என்னால் கால் வைக்க முடியாது. நீங்கள் பஸ்ஸை இங்கேயே கொண்டுவந்தாலும், அந்தச் சக்கரம் எதன்மேல் ஏறி வந்தது என்றுதான் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு உங்களோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? உங்களுக்கு நான் செய்யும் கொடுமை அதைவிடப் பெரிதாக வேறு இருக்காது.

கீர்த்திகாவை இங்கே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். மண் விஷயம் அவளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம். பஸ் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் தினமும் கேட்டாள், இப்போது கேட்பதில்லை. அவளைப் பார்க்க நீங்கள் ரயிலில் வாருங்கள், நான் தடுக்க மாட்டேன். அன்றைக்கு நான் கம்பெனியில் இருப்பேன்.

நீங்கள் தனியாக அதில் படுத்துக் கிடக்க வேண்டாம். மலையில் யாராவது குழந்தை உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நன்றாகத்தான் கட்டியிருப்பீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே இறங்கச் சொல்லுங்கள். அந்த ரோட்டில் எங்கேயும் மெதுவாகப் போகச் சொல்லாதீர்கள். வேகமாகவே போகட்டும்.

வனிதா