வீட்டில் இரண்டு பேர்

ஜெகதளா,
12.7.1993

அன்புள்ள ஆயம்மாளுக்கு,

நான் நலம். நீயும் வசந்தாமணியும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதம் உன் பெயருக்குத்தான் போட்டிருக்கிறேன், உறையை நீயே பிரி. மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்காதே. மாப்பிள்ளை கையில் கொடுக்கவே கொடுக்காதே. உனக்காகத்தான் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தது எதற்கு, எழுத்துக்கூட்டிப் படி.

வசந்தாமணி எழுதிய கடிதம் வந்தது. சின்னவன் குப்புற விழுகிறான் என்று எழுதியிருந்தாள், சந்தோஷம். அதற்குக் கீழே, அம்மாவுக்குத் திருப்பூர் வந்த பிறகு முட்டிவலி இல்லை, மலைக் குளிர் இனி ஒத்துக்கொள்ளாது, அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று அவரும் சொல்கிறார், வேண்டுமானால் நீங்களும் வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். மகள் சொல்வது இருக்கிறது, மாப்பிள்ளை சொல்வது இருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்று ஒரு வரி இல்லை. பிரசவம் பார்க்க மாசியில் போனவள். ஆடி பிறக்கப் போகிறது.

அந்தக் கடிதம் வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டீ ஃபேக்டரியில் சங்கு ஊதினால் ரிட்டையர் ஆனது மறந்து எழுந்து நிற்கிறேன். எழுந்த பிறகு போக இடமில்லை. அருவங்காடு வரை இறங்கி, குன்னூர்ப் பக்கமிருந்து வரும் பஸ்களில் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு ஏறி வருகிறேன். அங்கே பேக்கரி வைத்திருக்கும் ஷௌகத் அலி இதைக் கவனித்துவிட்டார். "இப்புடி நடந்தீங்கன்னா ரோடு தேஞ்சு போயிருமுங்கண்ணா, வேன்ல ஊட்டி வரைக்கும் வாங்க" என்று கூட்டிப் போனார்.

உடைந்த வர்க்கியையும் பழைய ரொட்டியையும் அவர் ஊட்டியில் ஒரு நாய்க் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஊரை விட்டுப் போகிறவர்கள் தெருவில் விட்டுப் போன நாய்கள், வண்டியில் அடிபட்ட நாய்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் குரைத்தன. ஷௌகத் அலி காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஃபேக்டரியில் இலை சுருட்டும் ரோலர் ரூமுக்குள் போன மாதிரி இருந்தது, மனசு கொஞ்சம் அடங்கியது. அந்தச் சத்தத்தில் ஒன்று மட்டும் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. செவலை நிறம், பொட்டை, ஒரு காது கிழிந்திருந்தது. ஷௌகத் அலி ரொட்டியை இறக்கி முடிக்கும் வரை நான் அதன் பக்கத்திலேயே நின்றேன். நானும் பேசவில்லை, அதுவும் திரும்பவில்லை.

இப்போது கோபப்படாமல் படி. அது நம் வீட்டில் இருக்கிறது.

ஆட்டுக்குட்டியைக்கூட வாசற்படி ஏற விடாதவள் நீ, எனக்குத் தெரியும். ஆனால் இங்கே சிறுத்தை நடமாட்டம் அதிகமாகிவிட்டது, வெளியே கட்டினால் காலையில் சங்கிலிதான் இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ வாசலில் விட்டுப் போன நீலச் செருப்பில் ஒன்றைக் கடித்துவிட்டது. புதிதாக வாங்கிக்கொள்ளலாம், அது பெரிதில்லை. வீட்டுச் செருப்பை விட்டுப் போயிருக்கிறாள், திரும்பி வருவாள் என்று தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாயின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

கோபம் வந்தாலும் கையை ஓங்க முடியாது. காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜானகியம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டார். "கையத் தூக்காதீங்க, ரொம்ப அடி வாங்குன நாயிங்க. வாயில பேசுங்க. என்னத்த வேணும்னாலும் பேசுங்க, உங்க கொரலு அதுக்குப் பழகோணும்" என்றார். பேசுவதா, நானா. ரோலர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, எங்களுக்குக் கைதான் வாய். வீட்டிலும் அதே கைதானே. உள்ளங்கையைக் காட்டினால் சோறு போதும், கட்டைவிரலைச் சாய்த்தால் தண்ணீர். நீ எல்லாவற்றையும் புரிந்துகொண்டு செய்தாய். நாய்க்கு அது நடக்கவில்லை. வந்த அன்றைக்கே பழக்கதோஷத்தில், உட்கார் என்று கையைத் தூக்கிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டே மூத்திரம் விட்டுவிட்டது. எனக்கு என்னமோ போலாகிவிட்டது. துடைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன்.

முதல் நாள் இலை எப்படி வாடுகிறது, ரோலரில் எப்படிச் சுருள்கிறது என்று சொன்னேன். மறுநாள் எஸ்டேட் துரைமார்களைப் பற்றிச் சொன்னேன். அதோடு சரக்குத் தீர்ந்துவிட்டது. அப்புறம் உன்னைப் பற்றிச் சொன்னேன், அது தீரவே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் காலில் அட்டை ஏறியதும் நீ கத்திக்கொண்டே தேயிலைக்குள் ஓடியதைச் சொன்னேன். வசந்தாமணிக்குக் காய்ச்சல் வந்த மழையில் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாயே, அதையும் சொன்னேன். அன்று எனக்கு இருந்த பயத்தை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, நாயிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் அது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து என் பாதத்தில் தலையை வைத்துக்கொண்டது. எதைச் சொல்லும்போது என்று எழுத மாட்டேன், வந்தால் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்ணா, தனியாப் பேசறீங்களே, ஒடம்புக்கு ஏதாச்சுமா" என்று கேட்டாள். நான் நின்று விலாவாரியாகப் பதில் சொன்னேன். பதில் வந்ததும் அவள்தான் பயந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்று இவ்வளவுதான் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது, நாயைக் காணோம். மஞ்சு இறங்கி வேலியே தெரியவில்லை. சிறுத்தை நினைப்பு வந்தது. செருப்பில்லாமல் ரோட்டுக்கு வந்துவிட்டேன். கூப்பிட அதற்குப் பெயர்கூட இல்லை. நம் வீட்டில் ஆட்டுக்குட்டி வரைக்கும் பெயர் வைக்கிறவள் நீ, அதனால் நான் வைக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். இத்தனை வருஷத்தில் என் சத்தத்தை ஜெகதளா கேட்டதில்லை, நேற்றுக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சுக்குள்ளிருந்து ஓடி வந்தது. நான் தினமும் பஸ் பார்க்கப் போகும் பாதையிலிருந்துதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதையும் எழுதிவிட்டேன், மாப்பிள்ளை கையில் கொடுக்காதே.

நீ கிளம்பிய அன்று, "இந்த ஊட்டுல செவுத்துக்கூடப் பேசறதுக்கு, அங்க போயிப் பேச்சு வராத கொழந்தகூடப் பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்கும் நான் போய் வா என்று கையைத்தான் ஆட்டினேன். கத்தினால் நாய்க்குக் கேட்கிறது. திருப்பூருக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். காப்பகத்தில் நாயை உடனே எழுதிக் கொடுத்துவிட மாட்டார்கள். இப்போது வைத்துப் பார்க்கத்தான் தந்திருக்கிறார்கள். 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜானகியம்மாள் வீட்டுக்கே வருகிறார். "ஊட்டுல ஒருத்தருக்கு மனசில்லீனாலும் நாய்க்குத் தெரிஞ்சு போயிருமுங்க, எல்லாரையும் நேருல பாத்துக் கேட்டுட்டுத்தான் குடுப்போம்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். யோசிக்காமல் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் அது பொய்யாகிவிடும் என்று வேனில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

முந்தின நாள் சனிக்கிழமையே கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் காலை பஸ்ஸைப் பிடி. வளைவில் உனக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள். பர்லியாரில் பஸ் நிற்கும், இறங்கி முகம் கழுவிக்கொள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நாயோடு நிற்பேன். முட்டிக்கு அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். நாய் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், ஜானகியம்மாளிடம் வேண்டாம் என்றே சொல், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அதை நம் வீட்டு வாசலில் நின்று சொல்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. சின்னவன் நடக்க ஆரம்பித்ததும் இரண்டு பேருமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
வீட்டில் இரண்டு பேர் என்று சொன்ன
நல்லசாமி