பேச்சுப் போன வீட்டில் பாட்டு

சிகாகோ,
பிப்ரவரி 1956

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அந்த சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் மாதத்தில் ரயில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் புறப்பட்டு வரப்போவதாக எழுதியிருந்தாய், வேண்டாம் கண்ணு, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன் அம்மா அதைத் தாங்கமாட்டாள். அழுதுகொண்டேதான் எழுதியிருக்கிறாய் என்று மை கலைந்திருந்ததைப் பார்த்தே தெரிந்தது. இங்கே நடந்ததை முழுதாக எழுதுகிறேன், படித்தால் உனக்குக் கொஞ்சம் நிம்மதி வரும்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கை சுத்தமாகத் தூக்க வரவில்லை, வாயும் கொஞ்சம் கோணியிருந்தது. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, ஆனால் திருப்பிப் பேச வாயைத் திறந்தால் "இல்ல, இல்ல" என்பது மட்டும்தான் வந்தது. தண்ணீர் கேட்டாலும் "இல்ல", ஜன்னலை மூடச் சொன்னாலும் "இல்ல". நான் தப்பாக எதையாவது எடுத்துக்கொடுப்பேன், அவள் இடது கையால் கட்டிலைக் குத்துவாள், பிறகு அழுவாள். நம் செங்கல் கோயில் போதகரும் நான்கைந்து சீமாட்டிகளும் வந்து பார்த்தார்கள், பழக்கூடை கொண்டுவந்தார்கள், கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக ஜெபித்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவர்கள் போன பிறகும் திரும்பவில்லை.

கீழ்வீட்டு ஆர்ஸெல்லாவை உனக்கு நினைவிருக்கும். அவளும் அம்மாவும் மிஸிஸிப்பியில் ஒரே பருத்திக் காட்டில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பறித்தவர்கள், நாங்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது முதல் மாதம் எங்களைத் தன் அறையில் தங்கவைத்தவள். பழைய மீன் கடையில் நடக்கிற அவர்கள் சபையை விட்டு, நீ பியானோ கற்றுக்கொள்கிறாய் என்று நாம் ஆர்கன் இருக்கிற செங்கல் கோயிலுக்குப் போனோமே, அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. படியில் எதிர்ப்பட்டால் "பெரிய கோயில் அம்மா வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்று ஆர்ஸெல்லா சொல்ல, "மீன் கடையில ஜெபம் பண்ணா வாய் நாறத்தானே செய்யும்" என்று அம்மா சொல்ல, இத்தனை வருஷமாக இதுதான் அவர்களுடைய பேச்சுவார்த்தை. அந்த ஆர்ஸெல்லா ஒரு பனி கொட்டுகிற மத்தியானத்தில், மீன் கடைச் சபைப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பன்றி எலும்பு போட்டு வேகவைத்த டர்னிப் கீரையும் சோள ரொட்டியுமாக வந்து நின்றாள். கட்டிலருகே நின்றவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "என்னடி லுவீனியா, நான் திட்டினா திருப்பித் திட்டுறதுக்கு இந்த ஊர்லயே உன்ன விட்டா யாரு இருக்கா? நீயும் வாய மூடிக்கிட்டா நான் யாரோடடி சண்ட போடுவேன்?" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. சொல்ல வேறு ஒன்றும் கிடைக்காமல்தான் பாட ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

ஒருவர் ஒரு வரியைச் சொல்லிக் கொடுக்க மற்றவர்கள் அதை வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பாடுவார்களே, சின்ன வயதில் நீ "மாடு கத்துற மாதிரி இருக்கு" என்று காதைப் பொத்திக்கொள்வாயே, அந்தப் பாட்டுதான். ஆர்ஸெல்லா வரியைச் சொன்னாள், அந்தப் பெண்கள் இழுத்தார்கள். நான் கீரையை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு குரல் மூன்றானதுபோல் இருந்தது, ஆர்ஸெல்லாவும் சேர்ந்துகொண்டாள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பாடிக்கொண்டிருந்தது உன் அம்மா. கோணின வாயாலேயே, ஒரு சொல் பிசகாமல், கடைசி வரைக்கும். பாட்டு முடிந்ததும் ஏதோ சொல்ல வந்தாள், பழையபடி "இல்ல"தான் வந்தது. அதற்கு அவளே சிரித்துவிட்டாள், டெல்ஃபின், சிரித்துக்கொண்டே அழுதாள். "நிறுத்தாதீங்கடி, இன்னொண்ணு எடுங்க" என்று ஆர்ஸெல்லா கத்தினாள், கீரை அடிப்பிடித்துப் போனது யாருக்கும் தெரியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் போகாமல் இருப்பதுண்டு, விடாமல் பாடவையுங்கள், ஆனால் பேச்சு முழுதாகத் திரும்பும் என்று என்னால் உறுதி தர முடியாது என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் எல்லாமே பாட்டுதான். எனக்குக் குரல் கிடையாது என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் "லுவீனியா, காபி வேணுமா" என்று அந்த மெட்டிலேயே இழுப்பேன். முதலில் நான் பாடியதையே அப்படியே திருப்பிப் பாடினாள். பிறகு ஒருநாள் "காபி வேணும், சக்கர கூட வேணும்" என்று வந்தது. மேல்வீட்டு ஜூபல், அலபாமாக்காரர், தரையைத் தட்டி "ஏன்யா எஸ்ரா, ஒரு காபிக்கே இம்மாம்பெரிய ஆராதனையா? அப்போ முட்டைக்கு எத்தன பாட்டு?" என்று கேட்டார். மறுநாள் அவரே இறங்கி வந்து அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். ஏரிக்காற்று ஜன்னலை உலுக்குகிறது, கீழே டிராம் போகிறது, இந்தக் கட்டிடத்தில் இருக்கிற எல்லாரும் நம்மைப்போல் தெற்கிலிருந்து வந்தவர்கள்தானே, எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்தோ யாரோ வரியை வாங்கி முணுமுணுப்பது கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கடைச் சபைக்குத்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகிறோம். செங்கல் கோயில் போதகர் வருத்தப்படுவார் என்று பயந்தேன், அவரோ தன் காரையே அனுப்பிவைத்தார்.

நீ இதைப் படித்து உன்மேல் பழி போட்டுக்கொள்ளாதே. நீ பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகக் கூடாது என்று அவளேதான் அந்த மிஸிஸிப்பிப் பேச்சையும் பாட்டையும் உன் முன்னால் அடக்கிக்கொண்டாள், உன் நர்ஸ் பட்டப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதில் அவளுக்கு ஒரு நஷ்டமும் தெரிந்ததில்லை. நான் எழுத வந்தது வேறு. செவ்வாய்க்கிழமை கஞ்சி ஊட்டும்போது "லுவீனியா, மனசுல என்ன இருக்கு" என்று பாடினேன். அவள் வரியை வாங்கவில்லை, ஸ்பூனைத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி, களைப்பாக இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். பிறகு, யாரும் எடுத்துக்கொடுக்காமல், தானாகவே இழுத்தாள்: "டெல்ஃபின் குரல் கேக்கணும், எம் புள்ள குரல் கேக்கணும்." முழுக்க அவளே கட்டின முதல் வரி அது.

போன தடவை நீ ஃபோன் செய்தபோது நடந்தது எனக்கு மறக்கவில்லை, நீ அம்மா அம்மா என்று அழுதாய், அவள் "இல்ல" என்று சொல்லி ரிசீவரை வீசிவிட்டாள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஆர்ஸெல்லா வீட்டு ஃபோனுக்குப் பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்திருப்போம். எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே, ஒன்றுமே கேட்காதே. பாடு. உனக்கு வருமா என்று யோசிக்காதே, காதைப் பொத்திக்கொண்டே கேட்டிருந்தாலும் அது உனக்குள் போயிருக்கும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். வழுக்குகிற படியில் பார்த்து இறங்கு, இரும்பு மருந்தை விடாமல் குடி. ஞாயிறு மட்டும் மறந்துவிடாதே: ஒரு வரி பாடிவிட்டு நிறுத்து. அந்தப் பக்கம் சத்தமே வராது, லைன் போய்விட்டது என்றுகூடத் தோன்றும். வைத்துவிடாதே கண்ணு, அம்மா மூச்சு எடுத்துக்கொண்டிருப்பாள்.

உன் அப்பா,
எஸ்ரா விட்லோ